பேறுகாலத் துணிக்கு ஒரு பேரேடு

(ராஜபாளையத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று கூட்டம் நடத்துகிறவர்கள் போனில் கேட்டார்கள். "குழந்தையின் மூத்திரத் துணியை வீட்டில் துவைக்க என்ன செலவாகிறது என்று பேசுகிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நீங்க ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்க, ஆண்டாளைப் பத்திப் பேசலாமே மேடம்" என்றார்கள். ஆண்டாளைப் பற்றிப் பேச எங்கள் ஊரில் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். துளசிச் செடிக்கடியில் கிடைத்த பிள்ளையைப் பெரியாழ்வார் எடுத்து வளர்த்தார், சரி. அந்தப் பிள்ளைக்குத் துணி அலசியது யார் என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

நான் இலக்கியம் படித்தவள் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் இறங்கி, ஒரு நூற்பாலை ஆபீஸில் 31 வருஷம் பேரேடு எழுதியவள். பேரேட்டில் "அது சும்மா" என்று ஒரு வரி எழுத முடியாது. கழிவுப் பஞ்சுக்குக்கூட எடையும் விலையும் உண்டு. அந்தப் பழக்கம் வேலையை விட்ட பிறகும் போகவில்லை.

மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். பிள்ளை பிறந்தது ஐப்பசி அடைமழையில். சம்பந்தியம்மாள் போனில் சொன்னார்: "மதினி, பேம்பர்ஸ் எல்லாம் வேணாம். காசுக்கும் கேடு, பிள்ளைக்கும் கேடு. துணியே கட்டுங்க, அதுக்கு என்ன செலவு?" நம் பக்கம் எந்தக் கம்பெனி டயப்பர் ஆனாலும் பேம்பர்ஸ்தானே. அவர் சொன்னதில் பாதி எனக்கும் சம்மதம். ஆனால் கடைசியாகக் கேட்டாரே, "அதுக்கு என்ன செலவு" என்று, அதுதான் என் காதில் நின்றுவிட்டது. ஒரு நாப்பது பக்க நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன்.

முதலில் துணியின் கதை. புதுத் துணியைப் பிள்ளைக்குக் கட்ட மாட்டோம். தாத்தாவின் வேட்டி ஐந்தாறு வருஷம் துவைத்து, நைந்து, கையில் எடுத்தால் பூப்போல இருக்க வேண்டும். அதைச் சதுரமாகக் கிழித்து, மூலைக்கு மூலை மடித்து, இடுப்பில் அரைஞாண் கயிற்றில் செருகுவோம். பாட்டியின் நூல் சேலை தூளிக்குப் போகும். இதைச் சிக்கனம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மில்லுக்குப் போன பிறகுதான் உள்ளே இருக்கிற சங்கதி தெரிந்தது. பஞ்சின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகு உண்டு. தறியிலிருந்து இறங்கின கோராத் துணியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதக்கும். தண்ணீர் ஒட்டாது. அந்த மெழுகைக் காஸ்டிக் சோடா போட்டு வேகவைத்து எடுத்தால்தான் துணி ஈரம் குடிக்கும். தாத்தாவின் வேட்டிக்கு அந்த வேலையை வருஷக்கணக்கில் சோப்பும் வெயிலும் செய்து முடித்திருக்கின்றன.

அதே வேலையைத் தொழிலாகச் செய்கிற ஊர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் போனால் தெருவெல்லாம் விசைத்தறிச் சத்தம். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி, காஸ் துணி அங்கே நெய்து, வெளுத்து, மடித்து, நாடு பூராவும் போகிறது. 1936-ல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா இந்த ஊரில் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அப்போதிருந்து இது நூலுக்குப் பஞ்சமில்லாத ஊர். நூல் இருக்கிற இடத்தில் தறி வரும். மருத்துவத்துக்கு வைத்திருக்கிற உறிபஞ்சுக்கு ஒரு சோதனை உண்டு: தண்ணீரில் போட்டால் 10 விநாடிக்குள் முங்க வேண்டும். மிதந்தால் தள்ளுபடி.

இந்தச் சோதனையை நான் வீட்டு வாளியில் செய்து பார்த்தேன். பேரன் பிறந்து ஒன்றரை மாதம் இருக்கும். துணி கட்டின உடனேயே ஈரம் வழிந்து படுக்கை நனைகிறது, பிள்ளைக்குத் தொடையிடுக்கில் செவசெவ என்று சிவந்துவிட்டது. துணி சுத்தமாகத்தான் இருந்தது, வெள்ளையாகத்தான் இருந்தது. ஒரு துணியை வாளித் தண்ணீரில் விரித்துப் போட்டேன். அது முங்கவில்லை. படகு மாதிரி மிதந்தது. ஒரு ஓரம் மட்டும் மெதுவாகக் கருத்து இறங்கியது. எண்ணிப் பார்த்தேன், ஐம்பது வரைக்கும் எண்ணியும் பாதி மிதக்கிறது.

காரணம் எங்கள் வீட்டு போர்த் தண்ணீர். உப்புத் தண்ணீரில் பார் சோப்பைத் தேய்த்தால் நுரை வராமல் தயிர் திரிந்த மாதிரி ஒன்று வருமே, அது தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தும் சோப்பும் சேர்ந்து உண்டாகிற பிசுக்கு. அது கரையாது. துணியின் இழைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நாம் வெளுக்க வெளுக்க, மில்லில் எடுத்த மெழுகைத் திரும்பப் பூசிக்கொண்டிருக்கிறோம். வாசனைக்காகக் கடைசி அலசலில் ஊற்றுகிற கண்டிஷனரும் இதே வேலையைத்தான் செய்யும். குழந்தைத் துணிக்கு அது கூடவே கூடாது. பிசுக்குக்குள் மாட்டிக்கொண்ட மூத்திரத்தைக் கிருமிகள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. கண் எரிகிற அந்த நெடி அதுதான், தோலைப் புண்ணாக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. பார் சோப்பை விட்டுவிட்டுச் சோப்புத் தூளுக்கு மாறினேன், கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணீரில் செய்தேன், இரண்டு தரம் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் ஊறவைத்தேன். நாலைந்து நாளில் துணி முங்க ஆரம்பித்தது.

"கடைசி அலசலை நல்ல தண்ணீரில்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். நம் இரண்டு ஊரிலும் நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் அதற்கொரு தனிப் பஞ்சாங்கம் வேண்டும். ராஜபாளையத்துக்கு ஆறாவது மைல் நீர்த்தேக்கம், எங்களுக்குச் செண்பகத்தோப்பு, இரண்டுக்கும் மேற்கு மலைதான் கண்கண்ட தெய்வம். இப்போது அளவுக்கு வருகிறேன். பிறந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு துணியாவது ஆகும். ஆய்த் துணியை முதலில் தனியாக அலசிக் கொட்ட ஒரு வாளி, ஊறவைக்க ஒன்று, அலச இரண்டு. வாளிக்கு 15 லிட்டர் வைத்தால் நாளொன்றுக்கு 60 லிட்டர். கிராமத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு, குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாத்துக்குமாக ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கிற அளவு 55 லிட்டர். மூன்று கிலோ எடையுள்ள பேரன், அரசாங்கக் கணக்குப்படி, வந்த அன்றைக்கே முழு ஆள்.

சரி, ரூபாய்க்கு வருவோம். நான் சொல்கிற விலையை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டாம், உங்கள் தெருக்கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். இருபத்துநாலு துணி, ஒன்று 40 ரூபாய் என்று வைத்தால் 960 ரூபாய். ஒன்றரை வருஷத்துக்கு வகுத்தால் நாளுக்கு 2 ரூபாய்கூட இல்லை. சோப்புத் தூள் 6 ரூபாய். கடைசி அலசலுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் விலைக்கு வாங்கினால் 5 ரூபாய் வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு வாளி வெந்நீர்: 15 லிட்டரைக் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவர 80, 90 கிராம் கேஸ் ஆகும், சிலிண்டர் 870 ரூபாய் என்றால் அது 5 ரூபாய், நாளுக்கு இரண்டரை. (சித்திரை வைகாசியில் இந்தச் செலவே இல்லை. மத்தியானம் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் வருவது வெந்நீர்தான்.) எல்லாம் கூட்டினால் பதினாறு ரூபாய்க்குள் முடிகிறது. டயப்பர் ஒன்று 10 ரூபாய், நாளுக்கு ஆறு என்றால் 60. ஆக, துணி கட்டினால் நாளுக்கு 44 ரூபாய், மாதத்துக்கு 1,300-க்கு மேல் மிச்சம். சம்பந்தியம்மாள் ஜெயித்துவிட்டார் போலத்தான் தெரிகிறது.

ஆனால் இந்தப் பேரேட்டில் கூலி என்ற பத்தியே இல்லையே. நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அலசுவது, ஊறவைப்பது, கசக்குவது, பிழிவது, மாடியேறிக் கொடியில் போடுவது, மழை தூறினால் ஓடிப்போய் எடுப்பது, மடிப்பது: ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறைந்து ஒரு நாளும் முடிந்ததில்லை. அதற்கு என்ன விலை போடுவது? மில் கூலி போட வேண்டாம். நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. ஒன்றேகால் மணிக்கு ஐம்பத்திரண்டரை ரூபாய். பதினாறோடு சேர்த்தால் 68-க்கு மேல் போகிறது. டயப்பர் 60-லேயே நிற்கிறது.

துணி மலிவு என்று நாம் சொல்வதெல்லாம், துவைக்கிற கையைக் கணக்கில் சேர்க்காமல் சொல்வதுதான். இதைச் சொன்னால், "பெத்த பிள்ளைக்குத் துவைக்கிறதுக்குக் கூலி கேக்குறதா?" என்று கோபம் வரும். வரட்டும். தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுக்க நேரக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. வீட்டு வேலை செய்கிற பெண் ஒருத்தி சம்பளமில்லாத அந்த வேலையில் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவழிக்கிறாள் என்று வந்தது. வீட்டு வேலை செய்கிற ஆண், 97 நிமிஷம். அதுவும், செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டு. 2023 செப்டம்பர் 15-ல் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் வந்தபோது, பெண்களின் சம்பளமில்லாத உழைப்புக்கு இது அங்கீகாரம் என்று அரசே சொன்னது. என் நோட்டுப்படி அந்த ஆயிரம் ரூபாய், துணி துவைக்கிற கூலியில் பத்தொன்பது நாளைக்கு வருகிறது.

முன்பும் இந்த வேலையைச் சும்மா வாங்கிக்கொண்டுதான் இருந்தோம், வேறு ஆளிடம். என் அம்மா காலத்தில் பேறுகாலத் தீட்டுத்துணியை வீட்டு மனுஷி தொட மாட்டாள். வண்ணாரப் பெண் வந்து எடுத்துக்கொண்டு போய்த் துறையில் அலசி, உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்து, திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பாள். ரத்தம், பிள்ளையின் பீ, மூத்திரம் எல்லாம் அவள் கையில். அவளுக்குக் கிடைத்தது ராத்திரி வீடு வீடாகப் போய் வாங்கின சோறும், களத்தில் அளந்துபோட்ட கொஞ்சம் நெல்லும். அவளை நடு வாசலுக்குள் விடவும் மாட்டோம். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவல் 1994-ல் வந்தது. அதில் வருகிற வண்ணாரப் பெண் ஆரோக்கியத்தைப் படித்தபோது எங்கள் வீட்டுப் புழக்கடையில் நின்ற அந்த அம்மாளின் முகம்தான் வந்தது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாக ஞாபகமே இல்லை. பாட்டி காலத்தில் டயப்பரா இருந்தது, நாங்கள் வளரவில்லையா என்று பெருமை பேசுகிறவர்கள், அந்தத் துணியைப் பாட்டிதான் துவைத்தாளா என்று ஒரு தரம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

டயப்பர் என்ற சொல்லே ஆதியில் துணியின் பெயர்தான். சின்னச் சின்ன டைமண்ட் கட்டம் போட்டு நெய்த துணிக்கு ஐரோப்பாவில் அந்தப் பெயர். பிறகுதான் அது குழந்தையின் இடுப்புக்கு வந்தது. தூக்கி எறிகிற டயப்பரைப் பெருவாரியாகச் சந்தைக்குக் கொண்டுவந்த பேம்பர்ஸ் 1961-ல் அமெரிக்காவில் வந்தது. அதை உருவாக்கின குழுவுக்குத் தலைவர் விக்டர் மில்ஸ் என்ற என்ஜினியர். பேரக்குழந்தையின் துணியை மாற்ற வேண்டிய வேலை தன் தலையில் விழுந்ததும் இதற்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள். எத்தனையோ தலைமுறையாகப் பாட்டிமார் செய்த வேலை. ஒரு தாத்தா செய்ததும் அது தொழிற்சாலைக்கே போய்விட்டது.

அதனால் டயப்பருக்கு மாறிவிடுங்கள் என்கிறேனா? அவசரப்படாதீர்கள். டயப்பரின் 60 ரூபாயிலும் விட்டுப்போன கூலி ஒன்று இருக்கிறது. அதன் உள்ளே மரக்கூழ், ஈரத்தை ஜெல்லாக்குகிற ரசாயனத் துகள், மேலே பிளாஸ்டிக். மக்காது. காலையில் குப்பை வண்டிக்கு வருகிற அம்மா அதைக் கையால்தான் பிரிக்கிறார். 2016-ஆம் வருஷத் திடக்கழிவு விதிகள், பயன்படுத்தின டயப்பரைத் தயாரிப்பாளர் தருகிற உறையிலோ வேறு தகுந்த உறையிலோ சுற்றித்தான் போட வேண்டும் என்றன. எங்கள் தெருவில் அப்படி எந்த உறையையும் நான் பார்த்ததில்லை. மஞ்சப்பைக்குள் மிச்சச் சோற்றோடு கட்டிப் போட்டதைத்தான் பார்த்திருக்கிறேன். ஆக, வண்ணாரப் பெண்ணிடமிருந்து எடுத்த வேலையைத் தூய்மைப் பணியாளரின் கைக்கு மாற்றியிருக்கிறோம். டயப்பருக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாக 2025 செப்டம்பரில் குறைந்தது. குறைத்தது நல்லதுதான், குப்பைக்குக் கூலி யார் கொடுப்பது?

இங்கிலாந்தில் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது. ஒரு குழந்தை இரண்டரை வருஷம் டயப்பர் கட்டினால் சுமார் 550 கிலோ கரியமில வாயு. துணி கட்டினால் 570. துணிதான் கூட! அங்கே சூடான தண்ணீரில் துவைத்து, பல வீட்டில் மெஷினிலேயே உலர்த்துகிறார்கள். கொடியில் காயப்போட்டு, மெஷின் நிறையத் துணி போட்டு, இரண்டாவது பிள்ளைக்கும் அதே துணியைக் கட்டினால் 200 கிலோ வரை குறையும் என்றும் அதே அறிக்கை சொன்னது. கொடி, வெயில், அண்ணன் துணி தம்பிக்கு. நாம் யோசிக்காமலே செய்கிற மூன்றும். சஞ்சீவி மலைப் பக்கம் அடிக்கிற வெயிலுக்குக் காஸ் துணி ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று ஆகிவிடும். கிருமியும் சாகும். ஐப்பசி கார்த்திகையில்தான் சங்கடம். கூடையைக் கவிழ்த்து, அடியில் தணலும் சாம்பிராணியும் போட்டு, மேலே துணியை விரித்து என் அம்மா காயவைப்பாள். நானும் செய்தேன். வீடெல்லாம் புகை, மகளுக்கு இருமல். மூன்றாம் நாள் நிறுத்திவிட்டு, மழை விடும்வரை ராத்திரிக்கு மட்டும் டயப்பர் வாங்கினோம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கடைசியில் வாஷிங் மெஷின். மேலே திறக்கிற மெஷினுக்குப் பச்சைத் தண்ணீரில் ஒரு தடவைக்குக் கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட ஆகும், 0.3 என்று வையுங்கள். யூனிட் 4 ரூபாய் 70 காசு விலையில் ஒன்றரை ரூபாய்கூட இல்லை. கைவேலை ஒன்றேகால் மணியிலிருந்து இருபத்தைந்து நிமிஷத்துக்கு இறங்குகிறது. ஆய்த் துணியை முன்னாடியே அலச வேண்டியது மட்டும் எந்த மெஷினாலும் தப்பாது. மெஷின் விலையை வீட்டுத் துணி எல்லாவற்றுக்குமாகப் பிரித்து நாளுக்கு 5 ரூபாய் போட்டாலும், கூலியோடு சேர்த்து 40 ரூபாய்க்குள் அடங்குகிறது. மூன்றில் இதுதான் மலிவு. ஒரு பள்ளம் மட்டும் உண்டு, கோடையில் பிள்ளை பெற்றவர்கள் கவனிக்க வேண்டும். 2024 ஜூலைக் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 490 யூனிட் ஓடினால் பில் 1,742 ரூபாய். அதற்கு மேல் மெஷின் நாளுக்கு ஒரு தடவை ஓடி 18 யூனிட் கூடி 508 ஆனால், 500-ஐத் தாண்டிவிடுகிறதே, இரண்டாவது நூறு யூனிட்டுக்கான சலுகை விலை போய்விடும், பில் 2,107. பதினெட்டு யூனிட்டுக்கு 365 ரூபாய், யூனிட் 20 ரூபாய்! ஏசியைத் தினம் ஒரு மணி நேரம் முன்னாடி நிறுத்தினால் துணி துவைத்த காசு வந்துவிடும்.

என் தீர்ப்பு இதுதான்: பகலில் துணி, மெஷின் இருந்தால் மெஷின், அடைமழைக்கும் பயணத்துக்கும் டயப்பர். மெஷின் இல்லாத வீட்டில், துவைகல்லில் ஒரு நாள் அம்மா, ஒரு நாள் அப்பா. என் மருமகன் விடுமுறைக்கு வந்த பத்து நாளும் துவைத்தார். முதல் நாள் மூக்கைப் பொத்தினார், நாலாம் நாள், "அத்தே, இந்தத் தண்ணியில நுரையே வரலையே" என்று கண்டுபிடித்தார். துவைத்தால்தான் அது தெரியும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. 2015-ல் அரசு ஆஸ்பத்திரிகளில் பிறந்த பிள்ளைகளுக்கு 16 பொருள் வைத்துக் கொடுத்த பரிசுப் பெட்டகத்தில் குழந்தை நாப்கினும் ஒன்று. அப்படிக் கொடுக்கிற துணி சத்திரப்பட்டிக் காஸ் துணியாக, ஒரு டஜனாக இருக்கட்டும். தறி பத்து மைலுக்குள் ஓடுகிறது. ஆஸ்பத்திரியும் இங்கேதான் இருக்கிறது.

வாசல் மேசையில் என் நோட்டை வைத்திருக்கிறேன், பாதிப் பக்கம் காலி. உங்கள் வீட்டுத் தண்ணீர், சோப்பு, நேரம் மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். யார் துவைத்தார்களோ அவர்கள்தான் எழுத வேண்டும். அண்ணாச்சிமார் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதக் கூடாது.